கொடிசியாவுக்கு வெளியே உள்ள ஊர்

மாநாட்டுக்காகக் கோயம்புத்தூர் வருபவர்களில் பெரும்பாலோர் பார்த்துவிட்டுப் போவது மூன்று இடங்களைத்தான்: விமான நிலையம், தங்கும் விடுதி, கொடிசியா வளாகம். மூன்றும் அவிநாசி ரோட்டையும் அதன் கிளைகளையும் ஒட்டியே இருப்பதால், ஊருக்குள் போகவேண்டிய தேவையே வருவதில்லை. வரவேற்பில் தரும் பையில் ஒரு கையேடு இருக்கும். அதில் ‘தென்னிந்தியாவின் மான்செஸ்டர்’ என்ற அடைமொழியும், சிறுவாணித் தண்ணீரும், மருதமலையும் இருக்கும். தண்ணீரும் மலையும் சரி. அந்த அடைமொழியை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு ஊருக்குள் வாருங்கள்.

கோவையில் பஞ்சாலைகள் இருந்ததும், அவைதான் ஊரை ஆக்கியதும் உண்மை. ஆனால் நகருக்குள் இருந்த பெரிய மில்களில் பல இன்று ஓடவில்லை. தேசிய பஞ்சாலைக் கழகத்தின் கையில் இருந்த மில்கள் 2020 மார்ச் ஊரடங்கில் நின்றன. அதற்குப் பிறகு அவற்றின் சங்கு ஊதியது அரிது. நூற்பு புறநகருக்கும் பக்கத்து மாவட்டங்களுக்கும் நகர்ந்துவிட்டது. பின்னலாடை என்றால் 50 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திருப்பூர். விசைத்தறி என்றால் சோமனூர், சூலூர், பல்லடம். நகரத்தில் மிச்சமிருப்பதும் நாளுக்கு நாள் வளர்வதும் வேறொன்று: பட்டறை. பம்பு, மோட்டார், கிரைண்டர், கம்ப்ரசர், கியர், வால்வு, வாகன உதிரிபாகம், நூற்பு இயந்திரம் என்று எதைச் சொன்னாலும் அதைச் செய்ய ஒரு கொட்டகை இந்த ஊரில் எங்கோ ஒரு சந்தில் இருக்கும்.

விமான நிலையத்தில் இறங்கியதும் டிரைவர் உங்களை மேம்பாலத்தில் ஏற்றிவிடப் பார்ப்பார். கோல்ட்வின்ஸிலிருந்து உப்பிலிபாளையம் வரை 10.1 கிலோமீட்டர் நீளும் பாலம் அது. 2025 அக்டோபரில் திறந்தார்கள், ஊரின் பெயர் பெற்ற கண்டுபிடிப்பாளரான ஜி.டி. நாயுடுவின் பெயரை வைத்திருக்கிறார்கள். அவசரமென்றால் அதில் போகலாம், பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஊர் வந்துவிடும். அவசரம் இல்லையென்றால் கீழே போகச் சொல்லுங்கள். பாலத்துக்கு அடியில் உள்ள பஸ் ஸ்டாப் பெயர்களை வரிசையாகப் படித்தாலே இந்த ஊரின் தொழில் வரலாறு பாதி தெரிந்துவிடும்.

முதலில் சிட்ரா. தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் என்ற முழுப் பெயரைச் சொன்னால் எந்தக் கண்டக்டருக்கும் புரியாது. மில்காரர்கள் ஒன்றுசேர்ந்து 1956ல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம் அது. ஆய்வுக்கூடத்தின் பெயரால் மக்கள் பஸ்ஸில் டிக்கெட் எடுக்கும் ஊர்கள் நாட்டில் அதிகம் இருக்காது. அடுத்தது ஹோப் காலேஜ். இறங்கிப் பார்த்தால் அந்தப் பெயரில் கல்லூரி எதுவும் இருக்காது. சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஆர்தர் ஹோப் பெயரில் 1945ல் ஜி.டி. நாயுடு தன் இடத்தில் ஒரு பொறியியல் கல்லூரி தொடங்கினார். படிப்பை இத்தனை ஆண்டு இழுக்கத் தேவையில்லை, பாதிக் காலத்தில் பிள்ளைகளைப் பட்டறைக்கு அனுப்பிவிடலாம் என்பது அவர் கட்சி. அரசு அதை ஏற்கவில்லை, அவர் விலகிக்கொண்டார். கல்லூரி தடாகம் ரோட்டுக்குப் போய் இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக இருக்கிறது; பெயர் மட்டும் பஸ் ஸ்டாப்பில் தங்கிவிட்டது.

அடுத்து பீளமேடு, பி.எஸ்.ஜி. பஞ்சு வியாபாரத்திலும் மில்லிலும் வளர்ந்த பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்கள் சொத்தைப் பிரித்தபோது அதை ஐந்து பங்காகப் போட்டார்கள். ஐந்தாவது பங்கு தர்மத்துக்கு. 1926ல் அந்தப் பங்கில் உருவான அறக்கட்டளைதான் பள்ளி, தொழிற்பயிற்சிக் கூடம், 1951ல் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி, பிறகு மருத்துவமனை என்று வளர்ந்தது. இதில் கவனிக்க வேண்டியது தர்மத்தைவிட அதன் வடிவம். தொடக்கத்திலேயே பயிற்சிக்கூடத்தோடு சேர்த்துப் பட்டறையையும் வைத்தார்கள். விற்பதற்கான பம்பும் லேத்தும் அங்கேயே தயாராயின. பையன்கள் வேலை கற்றுக்கொண்டதும் அங்கேதான். அங்கே படித்தவர்களும் படிக்காமல் வேலை மட்டும் பார்த்தவர்களும் வெளியே வந்து சுற்றுவட்டாரத்தில் சொந்தப் பட்டறை போட்டார்கள். பீளமேடு, ஆவாரம்பாளையம், கணபதி, பாப்பநாயக்கன்பாளையம் பக்கம் இன்றும் லேத் சத்தம் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நவ இந்தியா என்பது நின்றுபோன ஒரு நாளிதழின் பெயர். லட்சுமி மில் என்பது ஜி. குப்புசாமி நாயுடு 1910ல் தொடங்கிய ஆலை. பழைய ஆலை வளாகத்தில் இப்போது கடைகளும் உணவகங்களும் வந்துவிட்டன. அண்ணா சிலையை நெருங்கும்போது ஜி.டி. நாயுடு அருங்காட்சியகமும் அதன் கார் காட்சியகமும் வரும். அங்கே ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். கலங்கல் என்ற கிராமத்தில் 1893ல் பிறந்து, பள்ளிப் படிப்பை முடிக்காமல், ஒரே ஒரு பஸ்ஸில் தொடங்கி, யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் கம்பெனியை நடத்தி, சவர ரேசர் முதல் வானொலிப் பெட்டி வரை செய்து பார்த்த மனிதர் அவர். டி. பாலசுந்தரத்தோடு சேர்ந்து 1937ல் அவர் கொண்டுவந்த மின் மோட்டாரைத்தான் இந்தியாவில் செய்த முதல் மோட்டார் என்று சொல்கிறார்கள். ‘முதல்’ என்ற பட்டங்களை எப்போதும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கவேண்டும் என்றாலும், அந்த மோட்டாருக்குப் பின்னால் ஊர் போன வழியில் சந்தேகம் இல்லை.

அந்த வழி எப்படி வந்தது என்பது கொஞ்சம் விளக்கவேண்டிய கதை. துறைமுகம் இல்லை. நிலக்கரி இல்லை, இரும்புத் தாது இல்லை. மதுக்கரையில் சுண்ணாம்புக்கல் உண்டு. அதை நம்பி 1930களில் ஒரு சிமெண்ட் ஆலை வந்தது, அவ்வளவுதான். ஆறு என்று சொல்ல நொய்யல் இருக்கிறது, ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும். இப்படிப்பட்ட இடத்தில் தொழில் நகரம் முளைக்கக் காரணங்கள் என்று பார்த்தால் பருத்தி, கிணறு, மின்சாரம், பிறகு ஒரு யுத்தம்.

சுற்றிலும் கரிசல் பூமி. பருத்தி நன்றாக வரும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியா என்ற நீள இழை ரகம் இங்கே பரவியதும் வாங்குபவர்கள் தேடி வந்தார்கள். கோவையில் கம்போடியா மில் என்றே ஒரு மில் உண்டு. முதல் மில் அதற்கும் முந்தியது: காப்பி வியாபாரத்துக்கு வந்த ராபர்ட் ஸ்டேன்ஸ் 1888ல் தொடங்கிய கோயமுத்தூர் நூற்பு நெசவு ஆலை. ஊர் வாயில் அது ஸ்டேன்ஸ் மில். ஆனால் அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுகள் மில்களின் எண்ணிக்கை மெதுவாகத்தான் ஏறியது. நிலக்கரியை வெகுதூரத்திலிருந்து கொண்டுவந்து நீராவியில் ஓட்டுவது கட்டுப்படியாகவில்லை.

1930களின் தொடக்கத்தில் நீலகிரியில் பைகாரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. மலையடிவாரத்தில் இருக்கும் கோவைக்குத்தான் அந்த மின்சாரம் முதலில் வந்து சேர்ந்தது. பத்தே ஆண்டில் ஊரைச் சுற்றி மில் புகைபோக்கிகளுக்குப் பதில் மின்கம்பங்கள் நிறைந்தன. முதலீடு போட்டவர்கள் பெரும்பாலும் பருத்தி விளைவித்த, விற்ற விவசாயக் குடும்பங்கள். அதே குடும்பங்களின் தோட்டங்களில் கிணறுகள் இருந்தன. மழை குறைவான பூமி என்பதால் கொங்கு நாட்டுக் கிணறுகள் ஆழமானவை. கவலை ஓட்டி மாடுகளும் ஆட்களும் நாள் முழுக்க நீர் இறைப்பார்கள். தோட்டத்துக்கு மின்கம்பி வந்ததும் கேட்ட முதல் கேள்வி, இதை வைத்துத் தண்ணீர் எடுக்க முடியுமா என்பதுதான். பம்புத் தொழிலின் விதை அந்தக் கேள்வி. இறக்குமதிச் சரக்கைப் பிரித்துப் பார்த்து, அதேபோல ஒன்று செய்து, சொந்தத் தோட்டத்துக் கிணற்றிலேயே ஓட்டிப் பார்த்தார்கள். செய்பவனும் பயன்படுத்துபவனும் ஒரே வீட்டில் இருந்ததால் குறை எங்கே என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.

பிறகு இரண்டாம் உலகப் போர். மில் இயந்திரங்கள் எல்லாம் இங்கிலாந்திலிருந்து வந்தவை. போரில் கப்பல் நின்றது, உதிரிபாகம் நின்றது. உடைந்த பல்சக்கரத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்க முடியாத மில்காரர்கள் உள்ளூர் பவுண்டரியிடம் போனார்கள். ஒரு பாகத்தைச் செய்யத் தெரிந்தவன் பத்துப் பாகம் செய்வான். அத்தனை பாகமும் செய்யத் தெரிந்த ஊர் ஒருநாள் இயந்திரத்தையே செய்யும். பாலசுந்தரத்தின் டெக்ஸ்டூல் அந்தப் பாதையில் நூற்பு இயந்திரம் செய்தது. 1962ல் தொடங்கிய லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் இன்று பஞ்சைப் பிரிப்பதிலிருந்து நூலாக்குவது வரையான எல்லா இயந்திரங்களையும் செய்யும், உலகில் விரல்விட்டு எண்ணக்கூடிய நிறுவனங்களில் ஒன்று. மில் வேலை ஊரை விட்டுப் போனாலும் மில்லுக்கு இயந்திரம் செய்யும் வேலை போகவில்லை. பழைய அடைமொழியைத் தள்ளி வைக்கச் சொன்னது இதனால்தான்.

இப்போது ஒரு பம்பு எப்படிப் பிறக்கிறது என்று பாருங்கள். பெயர் பெற்ற பம்புக் கம்பெனிகள் இங்கே நிறைய. நாட்டில் விற்கும் பம்புகளில் பெரும்பங்கு கோவையிலிருந்து போகிறது. ஆனால் கம்பெனிப் பெயர் ஒட்டிய அந்தப் பெட்டிக்குள் இருப்பதை ஒரே கூரைக்குக் கீழே செய்திருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். முதலில் பேட்டர்ன் செய்பவர் மரத்திலோ அலுமினியத்திலோ மாதிரி எடுத்துத் தருவார். அதை வைத்து பவுண்டரியில் மணல் அச்சுப் பிடித்து, உருகிய வார்ப்பிரும்பை ஊற்றுவார்கள். ஆறியபின் மணல் உதிர்த்து, பிசிறு தேய்த்து வரும் காஸ்டிங் ஒரு லேத் பட்டறைக்குப் போகும். முகம் சீவி, துளை போட்டு, மரை வெட்டுவது அங்கே. ஷாஃப்ட் வேறொரு பட்டறையில். மோட்டாருக்குள் அடுக்கும் மெல்லிய தகடுகளை வெட்டித் தள்ளுவது ஒரு பிரஸ் ஷாப். செம்புக் கம்பி சுற்றும் வைண்டிங் வேலையில் பெண்கள் அதிகம். விரல் பழகினால்தான் வரும் வேலை அது. இம்பெல்லர் ஒரு பக்கம், பேலன்ஸ் பார்ப்பது இன்னொரு பக்கம், பெயிண்ட் இன்னொரு பக்கம். கடைசியில் கம்பெனியில் சேர்த்துப் பூட்டி, தொட்டித் தண்ணீரில் ஓட்டிப் பார்த்து, ஸ்டிக்கர் ஒட்டிப் பெட்டியில் வைப்பார்கள். இந்த இடங்களுக்கு இடையில் சரக்கு பைக்கிலும் சின்ன வேன்களிலும் ஓடிக்கொண்டே இருக்கும். காலையில் கணபதியிலோ ஆவாரம்பாளையத்திலோ ரோட்டோரம் நின்றால், பில்லியனில் இரும்பு வளையங்களைக் கட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கலாம்.

இதற்கு ஊரில் வழங்கும் பெயர் ஜாப் ஆர்டர். பொருள் கம்பெனியுடையது, வேலைக்குத்தான் கூலி, எண்ணிக்கைக் கணக்கில். ஒரு டர்னர் சில வருடம் வேலை பார்த்து, கொஞ்சம் சேர்த்து, கொஞ்சம் கடன் வாங்கி, பழைய லேத் ஒன்றைப் பிடித்து வாடகை ஷெட்டில் நிறுத்துவார். முதல் ஆர்டர் பெரும்பாலும் பழைய முதலாளியிடமிருந்தே வரும். முதலாளிக்குச் சம்பளம் மிச்சம், நம்பிக்கையான ஆள். இவருக்குச் சொந்தத் தொழில். கோவையின் முதலாளிகள் பலரின் கதை இப்படித்தான் தொடங்குகிறது, அதனால் வேலை தெரியாத முதலாளிக்கு இங்கே அவ்வளவாக மரியாதை கிடையாது.

இதை ஒரு வெற்றிக் கதையாக மட்டும் கேட்டுவிட்டுப் போகாதீர்கள். நட்டமும் பட்டறைக்காரர் தலையில்தான் முதலில் விழும். ஆர்டர் குறைந்தால் கம்பெனி ஆளைக் குறைக்க வேண்டியதில்லை, ஜாப் ஆர்டரைக் குறைத்தால் போதும். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறு தொழில்களுக்கு 45 நாளில் பணம் தரவேண்டும். மூன்று மாதம் இழுக்கிறது என்ற புலம்பலை எந்தப் பட்டறையிலும் கேட்கலாம். 2008க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் மின்வெட்டு, 2016ல் பணமதிப்பிழப்பு, அடுத்த ஆண்டே ஜி.எஸ்.டி., 2022 செப்டம்பரில் ஏறிய மின்கட்டணம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்ததில் மூடிய ஷெட்டுகள் ஏராளம். மாநாட்டு மேடையில் ‘சிறு தொழிலின் தலைநகரம்’ என்று யாராவது பேசினால், பக்கத்தில் இருக்கும் உள்ளூர்க்காரர் முகத்தையும் ஒரு தடவை பாருங்கள்.

நீங்கள் உட்கார்ந்திருக்கும் அரங்கமே இந்தச் சிறுதொழில்காரர்களின் சங்கம் கட்டியதுதான். கொடிசியா என்பது 1969ல் தொடங்கிய கோவை மாவட்டச் சிறுதொழில்கள் சங்கம். தங்கள் பொருளைக் காட்ட இடம் வேண்டும் என்று கட்டிய வளாகத்தில் 2010 ஜூனில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடும் நடந்தது. அரசு கட்டிக் கொடுக்கும் என்று காத்திருக்காமல் சங்கம் சேர்ந்து கட்டுவது இந்த ஊரின் பழக்கம். மில்காரர்களின் சங்கமான சைமா 1933லேயே தொடங்கிவிட்டது.

பட்டறை ஊரின் மூளை எங்கெல்லாம் போகிறது என்பதற்கு மாவு கிரைண்டரைவிட நல்ல சான்று இல்லை. உங்கள் வீட்டில் இட்லி மாவு அரைக்கும் கிரைண்டர் கோவையில் 1950களின் நடுவில் உருவானது. பி. சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் பூட்டினார். ஊரில் மோட்டார் இருந்தது, பெல்ட் இருந்தது, டிரம் செய்ய ஆள் இருந்தது. ஊத்துக்குளிப் பக்கம் நல்ல கல் இருந்தது. முதலில் ஓட்டல்களுக்கு, பிறகு வீடுகளுக்கு. சாய்த்து மாவைக் கொட்டும் வகை, மேசை மேல் வைக்கும் வகை என்று அது சுருங்கிக்கொண்டே வந்து இன்று அமெரிக்காவில் இருக்கும் தமிழ்ச் சமையலறைக்குள்ளும் போய்விட்டது. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் உண்டு. காலையில் பெண்கள் கல்லில் கைவலிக்க ஆட்டிய நேரத்தை மிச்சப்படுத்திய பொருள் என்ற வகையில், இந்த ஊர் செய்த பெரிய இயந்திரங்களைவிட இதற்கே அதிக மரியாதை தரவேண்டும்.

கார் பந்தயமும் இந்தப் பட்டறைகளின் பக்கவிளைவுதான். மில் குடும்பத்துப் பையன்கள் இன்ஜினைப் பிரித்துச் சேர்த்துப் பழகினார்கள். எஸ். கரிவரதன் மாருதி இன்ஜினை வைத்துக் குறைந்த செலவில் பந்தயக் கார் வடிவமைத்தார். செட்டிப்பாளையத்தில் 2003ல் திறந்த பந்தயப் பாதைக்கு அவர் பெயர். 2005ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் இந்த ஊர்க்காரர்.

இரும்போடு சம்பந்தமில்லாத ஒரு தொழிற்சாலையும் இங்கே உண்டு. அதை விட்டுவிட மனம் வரவில்லை. 1912ல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையம். கோவையின் தட்பவெப்பத்தில் கரும்பு நன்றாகப் பூக்கும், விதை பிடிக்கும். வடக்கில் அப்படி நடப்பதில்லை. சி.ஏ. பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் ‘வெள்ளை’ என்ற நம் நாட்டுக் கரும்பையும் காட்டு நாணலையும் கலந்து 1918ல் கோ 205 என்ற ரகத்தை வெளியிட்டார்கள். குளிரையும் வறட்சியையும் தாங்கிய அந்த ரகம் பஞ்சாப் வரை போனது. அதற்குப் பின் வந்த நூற்றுக்கணக்கான ரகங்களுக்கும் ‘கோ’ என்ற முன்னெழுத்துத்தான். உத்தரப்பிரதேச விவசாயி வயலில் நிற்கும் கரும்பின் பெயரில் கோயம்புத்தூர் இருக்கிறது. தாவரவியலாளர் ஜானகி அம்மாள் 1930களில் வேலை பார்த்ததும் இங்கேதான். விவசாயம், வனம், தாவரம் சார்ந்த மாநாட்டுக்கு வருபவர்கள் இதையும் வேளாண் பல்கலைக்கழகத்தையும், ஆர்.எஸ். புரத்தில் 1902ல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகத்தையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

வேலை செய்த கைகளைப் பற்றிக் கையேடுகள் எழுதுவதில்லை. விமான நிலையத்துக்குச் சற்றுக் கிழக்கே, அவிநாசி ரோட்டிலேயே சின்னியம்பாளையம் இருக்கிறது. ரங்கவிலாஸ் மில் தொழிலாளர்களான ராமையன், வெங்கடாசலம், சின்னையன், ரங்கண்ணன் நால்வரையும் 1946 ஜனவரி 8ஆம் தேதி கோவைச் சிறையில் தூக்கிலிட்டார்கள். மில் தொழிலாளர் போராட்டம் கொதித்த காலம் அது. ஊரில் இன்றும் அவர்கள் நினைவு நாளில் கூடுகிறார்கள். அதே சிறையில்தான் வ.உ. சிதம்பரனார் செக்கிழுத்தார்.

பின்னாளில் மில்களில் நிரந்தரத் தொழிலாளி குறைந்து, தென் மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து இளம்பெண்களை அழைத்து வந்து விடுதியில் தங்கவைத்து, மூன்றாண்டு முடிவில் திருமணத்துக்கு ஒரு தொகை தருவதாகச் சொல்லி வேலை வாங்கும் முறை வந்தது. ‘சுமங்கலி’ என்று அதற்கு மங்கலமான பெயர் வைத்தார்கள். வெளியே போகத் தடை, கூடுதல் நேர வேலை, தொகை கிடைக்காமல் போவது என்று புகார்கள் குவிந்து உலக அளவில் கண்டனம் எழுந்தது. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் எல்லாவற்றுக்கும் அதில் பங்குண்டு. இன்றைக்கு பவுண்டரியில் உருகிய இரும்பின் பக்கத்தில் நிற்பவர் பெரும்பாலும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம், மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர். ஞாயிற்றுக்கிழமை மாலை காந்திபுரம், உக்கடம், டவுன்ஹால் பக்கம் போனால் இந்தியும் வங்காளமும் ஒடியாவும் தமிழுக்குச் சமமாகக் கேட்கும். ஏற்கெனவே தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் வீட்டு மொழியாகப் புழங்கும் ஊர் என்பதால், மொழி தெரியாமல் யாரும் இங்கே தவித்துப்போவதில்லை.

தண்ணீருக்கு வருவோம். சிறுவாணித் தண்ணீரைப் புகழாத கோவைக்காரர் கிடையாது, புகழுக்கு அது தகுதியானதுதான். இந்தத் தண்ணீரைக் கொண்டுவரவேண்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதிப் பேசியவர் சே.ப. நரசிம்மலு நாயுடு. அது குழாயில் வந்தது 1920களின் இறுதியில். அணை இருப்பது கேரள எல்லைக்குள். மழை பொய்த்த வருடங்களில் இரண்டு மாநிலத்துக்கும் பேச்சு முற்றும். ஊர் பெருத்த பிறகு பாதிக்கு மேல் பகுதிகள் குடிப்பது பில்லூர், பவானித் தண்ணீர். ஆகவே விடுதிக் குழாயில் வருவதைச் சிறுவாணி என்று நம்பி மயங்க வேண்டாம். வெள்ளியங்கிரியில் பிறக்கும் நொய்யல் ஊருக்குள் வருவதற்குள் சாக்கடையாகிவிடுகிறது. திருப்பூருக்கு அப்பால் சாயக்கழிவால் அது பட்ட பாடு பெரிது. 2011ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. நொய்யலிலிருந்து வாய்க்கால் வெட்டி நிரப்பிய பழைய குளங்கள் இன்னும் இருக்கின்றன. உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் கரைகளில் நடைபாதை போட்டிருக்கிறார்கள். காலை ஆறு மணிக்குப் போனால் நடக்கிறவர்களும் நீர்ப்பறவைகளும் இருப்பார்கள். வெயில் ஏறினால் நாற்றமும் வரலாம்.

காற்றும் இந்த ஊருக்குத் தனி. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுப் பக்கம் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. அதன் வாயில் கோவை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கேரளத்து மழைக்காற்று அந்த இடைவெளி வழியாக ஊருக்குள் வரும். சாரல் இருக்கும், மழை அதிகம் இருக்காது. மழை வருவது அக்டோபர், நவம்பரில். ஏப்ரல், மே நல்ல வெயில். ஆனால் சில மாலைகளில் இடியோடு மழை பெய்து தணிந்துவிடும். டிசம்பர், ஜனவரியில் வருபவர்கள் காலை நேரத்துக்கு ஒரு ஸ்வெட்டர் வைத்துக்கொள்ளலாம். அரங்குக்குள் ஏ.சி. எப்போதும் போல நடுங்க வைக்கும், அதற்கும் அது உதவும்.

பேச்சில் ‘ங்க’ இல்லாமல் ஒரு வாக்கியம் முடியாது. ஆட்டோக்காரரை ‘அண்ணா’ என்று கூப்பிடுங்கள். அவரும் உங்களை, வயது எதுவானாலும், ‘ஏனுங்ணா’ என்றோ ‘ஏனுங்க்கா’ என்றோதான் கூப்பிடுவார். மரியாதை இருக்கிறது என்பதற்காக மீட்டர் போடுவார் என்று எதிர்பார்க்க வேண்டாம். செயலியில் வண்டி பிடிப்பதே நல்லது, அல்லது ஏறும் முன் வாடகை பேசிவிடுங்கள்.

சாப்பாட்டில் ஓட்டல் சாம்பாருக்கு இந்த ஊரில் தனிப் பக்தர்கள் உண்டு. ஆனால் கொங்கு வீட்டுச் சமையல் வேறு: அரிசிம்பருப்பு சாதம், கொள்ளுப் பருப்பு, தேங்காய்ப்பால் ஊற்றிய சந்தகை, ஒப்புட்டு. காரம் குறைவு, தேங்காய் அதிகம். சாயங்காலம் தள்ளுவண்டியில் ‘காளான்’ என்று ஒன்று சூடாகக் கொத்திக் கொடுப்பார்கள். அதில் காளானைவிட முட்டைக்கோஸும் மைதாவும் அதிகம். தெரிந்தும் எல்லோரும் சாப்பிடுகிறார்கள்.

அரை நாள் கிடைத்தால் பேரூருக்குப் போங்கள். பட்டீஸ்வரர் கோயிலின் கனகசபைத் தூண் சிற்பங்கள் முன்னால் நின்றால், உலோகத்துக்கு முன்பே இந்த வட்டாரத்தில் கைவேலை இருந்தது தெரியும். பழைய ஊரைப் பார்க்க ஆசையிருந்தால் டவுன்ஹாலிலிருந்து வெரைட்டி ஹால் ரோட்டில் நடக்கலாம். ஊர் ஊராகப் படம் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட் 1914ல் கட்டிய திரையரங்கின் பெயர் அந்த ரோட்டில் இருக்கிறது. தென்னிந்தியாவின் முதல் நிரந்தரத் திரையரங்கு என்று அதைச் சொல்வார்கள். பக்கத்துத் தெருக்களில் பிளேக் மாரியம்மன் கோயில் கண்ணில் பட்டால் வியக்காதீர்கள். இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பிளேக் திரும்பத் திரும்ப வந்த ஊர் இது. நெரிசலிலிருந்து தப்பித்துப் போனவர்களுக்காகத் திட்டமிட்டு எழுந்த பகுதிதான் நேரான அகலத் தெருக்கள் கொண்ட ஆர்.எஸ். புரம்.

ஒரு நாள் முழுதாகக் கிடைத்தால் எல்லோரும் ஊட்டிக்குத்தான் ஓடுவார்கள். காரில் போவதானால் நீலகிரிக்கு இ-பாஸ் எடுக்கவேண்டும். 2024 மே முதல் இந்த முறை இருக்கிறது, இணையத்தில் முன்கூட்டியே பதிந்துவிடுங்கள். ரயிலில் போவதானால் மேட்டுப்பாளையத்திலிருந்து பல்சக்கர ரயில். குன்னூர் வரை 1899ல் போட்ட பாதை அது. யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. சீட்டு வெகு முன்பே தீர்ந்துவிடும்.

என்னைக் கேட்டால், அந்த நாளில் பாதியை ஒரு பவுண்டரிக்கு ஒதுக்கச் சொல்வேன். மாநாட்டு அமைப்பாளர்களில் உள்ளூர்க்காரர் யாராவது இருப்பார். அவருக்குப் பட்டறை வைத்திருக்கும் மாமாவோ மச்சானோ இல்லாமல் இருக்காது. முந்தின நாளே சொல்லிவையுங்கள். இரும்பு ஊற்றும் நேரம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது, கேட்டுக்கொண்டு போகவேண்டும். மூடிய ஷூ போட்டுக்கொள்ளுங்கள், பாலியஸ்டர் சட்டை வேண்டாம், கேமராவை எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள். வேலை நாளில் போனால் நல்லது. சனிக்கிழமை கூலி போட்டுவிட்டு ஞாயிறு பூட்டும் இடங்கள் உண்டு. பார்த்து முடிந்ததும் டீ தருவார்கள், வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஊர் திரும்பும்போது கிரைண்டர் வாங்க ஆசைப்பட்டால் கடையிலேயே பார்சல் சர்வீஸில் போடச் சொல்லிவிடுங்கள். கல்லோடு அதைத் தூக்கிக்கொண்டு விமானத்தில் ஏறினால் கூடுதல் எடைக்குக் கட்டும் பணத்தில் இன்னொரு கிரைண்டரே வாங்கிவிடலாம்.